மணல் குடிக்காத தண்ணீர்

எங்கள் ஊர் ஆற்றை முதல்முறை பார்க்கிறவர்கள் ஆறு எங்கே என்றுதான் கேட்பார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். கொடைரோடு பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், அக்கரையில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டு விருந்துக்கு என் கணவர் கூட்டிப் போனார். பெரிய மணல்வெளி ஒன்றில் இறங்கி நடந்தோம். மணலில் கால் புதையும், செருப்பைக் கையில் எடுத்துக்கொள் என்றார். பாதி தூரம் போனபிறகு, "ஆறு இன்னும் எம்புட்டு தூரம்?" என்று கேட்டேன். "ஆத்துலதான் நடந்துக்கிட்டிருக்க" என்றார். விசேஷ வீடுகளில் இந்தக் கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தண்ணீர் இல்லாததை ஆறு என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்கள் ஆறு தெற்கிலிருந்து வடக்கே போகிறது. மேற்கு மலைகளில் பெய்யும் மழை ஆத்தூர்ப் பக்கம் அணையில் சேர்ந்து, அது நிறைந்து வழிந்து மறுகால் போனால்தான் எங்களுக்குத் தண்ணீர். சில வருடம் வரும். பல வருடம் வராது. காய்ந்து கிடக்கும்போது இரண்டு கரையும் ஒரே ஊர்தான். பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் இந்தக் கரையில். கோயிலும் மாவு மில்லும் அந்தக் கரையில். குழம்பு கொதிக்கிற நேரத்தில் அக்கரைக்குப் போய்த் தேங்காய் வாங்கிவந்துவிடலாம். தண்ணீர் வந்துவிட்டால் அதே தேங்காய்க்குத் தரைப்பாலம் சுற்றிப் பஸ்ஸில் போகவேண்டும்.

தண்ணீர் ஓடாத வருடங்களில்கூட அந்த ஆறுதான் எங்களுக்குச் சோறு போட்டது. மேலே மணல் காய்ந்திருக்கும், அடியில் ஈரம் நிற்கும். கையால் பறித்தாலே ஊற்று சுரக்கும். கரையை ஒட்டிய வயல்களில் மல்லிகை, தென்னை. அதற்குத் தள்ளி முருங்கை. இன்னும் தள்ளிப் போனால் மானாவாரிச் சோளம். அதற்கும் அப்பால் ஆடுதான் மேயும். ஆற்றிலிருந்து எத்தனை வயல் தள்ளி நிலம் இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் எங்கள் பக்கம் பெண் கொடுப்பார்கள். என் வீட்டிலும் கேட்டார்கள். ஒரு வயல் தள்ளி என்று பதில் வந்தது. மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்றுகூட அப்பா அதற்குப்பிறகு விசாரிக்கவில்லை.

நான் வந்தபிறகுதான் மணல் குறைந்தது. என் கண்முன்னாலேயே குறைந்தது என்று சொல்லலாம், ஆனால் ஒருநாளும் குறைவது தெரியவில்லை. முதலில் மாட்டுவண்டி, பிறகு டிராக்டர், பிறகு லாரி. திண்டுக்கல்லில் புதுசு புதுசாக வீடுகள் எழும்பின. எங்கள் ஊரில் மாடி எழுப்பி மெத்தை வீடு கட்டிய எல்லோருடைய சுவரிலும் அந்த ஆறுதான் இருக்கிறது. கடைசியில் ஆற்றில் மிஞ்சியது செம்மண்ணும் களியும், இடையிடையே வெள்ளையாகச் சுண்ணாம்புபோல் சுக்காம்பாறையும். சீமைக்கருவேல் முளைத்தது. அதற்குள் மயில்கள் குடியேறின. இப்போது அக்கரைக்குப் போகும்போது யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை.

மணல் போனதும் கரைக் கிணறுகள் இறங்கின. எங்கள் மல்லிகை இலை சுருண்டது. அப்போதுதான் ஊரில் நாலைந்து பேர் ஆற்றுக்குள்ளேயே, கொஞ்சம் மணல் திட்டு மிஞ்சியிருந்த இடமாகப் பார்த்து, சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கிணறு போட்டார்கள். என் கணவரும் போட்டார். இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். அகலம், உள்ளே நின்று இரண்டு கையையும் நீட்ட முடியாத அளவு. உறையின் விளிம்பு ஆற்றுத் தரைக்கு மேல் முழங்கால் உயரம் நிற்கும். உள்ளே குறுக்கே கட்டை கொடுத்து அதன்மேல் மோட்டார். தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரையும் இறக்குவார்கள். ஆறு வரப்போகிறது என்று தெரிந்தால் ஒருவர் உள்ளே இறங்கி மோட்டாரைக் கழற்றிக் கயிற்றில் கட்டிவிடவேண்டும், மேலே இருப்பவர்கள் இழுத்துக் கரைசேர்க்கவேண்டும். அது எங்கள் பக்கம் சாதாரண வேலை, வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்றுவது போல.

எனக்கு மட்டும் அது சாதாரணமாக இருந்ததே இல்லை. நான் பயப்படுகிறவள். பஸ் தாமதமானால் கவிழ்ந்திருக்கும் என்று நினைப்பேன். போனை எடுக்காவிட்டால் கரண்ட் அடித்திருக்கும் என்று நினைப்பேன். அவர் கிணற்றுக்குள் இறங்குகிறார் என்றால், மெயினை அணைத்திருந்தாலும் நான் போய்க் கரையிலுள்ள மோட்டார் ரூமில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்வேன். வீட்டில் ரவிக்கை தைத்துக்கொடுக்கிறேன். மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது கால் ஓடும், மனது வேறெங்கோ ஓடும். "ஒம் பொண்டாட்டிய வானிலை ஆபீஸ்ல வேலைக்குச் சேத்துவிடு" என்று அவருடைய அத்தை மகன் கிண்டல் செய்வார். எனக்கு அண்ணன் முறை. தினமும் பயப்படுகிறவள் சொல்வதை யார் காதில் வாங்குவார்கள்? என் வீட்டுக்காரரும் வாங்குவதில்லை.

போன தீபாவளிக்கு முந்தைய வாரம். தைக்கவேண்டிய ரவிக்கைகள் என் முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தன. பாதி அக்கரைப் பெண்களுடையவை. எங்களுக்கு மேகம் மட்டும்தான், மழை எல்லாம் மலையில். ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில் அணை நிறைந்து மறுகால் விழுகிறது என்று போனில் செய்தி வந்தது. ஊரே வாசலுக்கு வந்துவிட்டது. தண்ணீர் வந்து பல வருடம் ஆகியிருந்தது. டீக்கடையில் கணக்குப் போட்டார்கள். மேலே உள்ள தடுப்பணை நிறையவேண்டும். பிறகு வழியெல்லாம் மணல் குடிக்கவேண்டும். குடித்து மிச்சம்தான் நமக்கு. எப்படிப் பார்த்தாலும் நாளைக்குப் பொழுது சாயும்போதுதான் தலைத்தண்ணீர் எட்டிப்பார்க்கும் என்று முடிவானது.

அந்தக் கணக்கு பொய்க் கணக்கு இல்லை. நானே பார்த்திருக்கிறேன். முன்பெல்லாம் தண்ணீர் மணலை நனைத்து நனைத்து, நின்று நின்று வரும். பிள்ளைகள் அதற்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே அதைக் கூப்பிடுவார்கள். பெண்கள் தாம்பாளத்தில் மஞ்சளும் பூவும் சூடமும் வைத்துக்கொண்டு ஆற்றின் நடுவில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் வந்து காலைத் தொட்டபிறகுதான் எழுந்து மஞ்சள் கரைப்பார்கள். தண்ணீருக்கு எதிர்போவது என்று அதற்குப் பெயர். மணல் இருந்த ஆற்றுக்கு அந்தக் கணக்கு சரி. ஆற்றில் மணல் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் வரும் நேரத்தைக் கணக்குப் போடும்போது மட்டும் அது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை.

மறுநாள் காலையில் நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். "இப்பவே போயி மோட்டாரத் தூக்கிட்டு வந்துருங்களேன்."

"மணல் குடிச்ச மிச்சந்தான வரும்? சாயங்காலம் வரைக்கும் நேரம் கெடக்கு" என்றார். "புதுத்தண்ணி கலங்கலா வரும், செடிக்குப் பாச்ச முடியாது. மல்லிக்கு ஒரு பாச்சு பாச்சிட்டு ஏத்திக்கிறேன்."

"பாச்சலைன்னா செடி ஒரு நாள்ல செத்துப்போயிருமா?"

"ஒனக்கு எதுக்குத்தான் பயமில்ல? சோத்தப் போடு."

போட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போனார். மிஷினில் உட்கார்ந்தேன். ஒரு ரவிக்கைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தேன். பிரித்ததை மறுபடி தைக்க மனது வரவில்லை. காரணம் ஒன்றும் இல்லை. கத்தரிக்கோலை வைத்துவிட்டு ஆற்றுக்கு நடந்தேன்.

மோட்டார் ரூமில் முதலில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். கீழே ஆற்றில், உறைக்கிணற்றின் விளிம்பில் அண்ணன் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். என் கணவர் பாய்ச்சி முடித்து உள்ளே இறங்கியிருந்தார். துருப்பிடித்த நட்டு ஒன்று கழல மாட்டேன் என்று அடம்பிடித்ததாம். வழக்கமாக மேலே இரண்டு பேர் நிற்பார்கள். நேரம்தான் இருக்கிறதே என்று இன்னொருவர் டீ குடிக்கப் போயிருந்தார். கொஞ்சம் தள்ளி ஏழெட்டுப் பெண்கள் தாம்பாளங்களோடு வந்து இடம்பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு என்னையே பார்க்கச் சிரிப்பாக வந்தது. நான் ஒருத்திதான் வியர்த்து நின்றேன்.

"வா தங்கச்சி. மழை எப்ப வருதுன்னு சொல்லிட்டுப் போ" என்றார் அண்ணன்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். அவர் உச்சந்தலை தெரிந்தது. "கழண்டிருச்சு. கயித்த விடு மாப்ள" என்றார். அண்ணன் பீடியைப் போட்டுவிட்டுக் கயிற்றை இறக்கினார். உறையின் மேல் குறுக்கே ஒரு சவுக்குக் கட்டை கிடந்தது, அதன்மேல்தான் கயிறு ஓடவேண்டும். அவர் மோட்டாரைக் கட்டினார். "இழு" என்றார். அண்ணன் காலை உறையில் முட்டுக்கொடுத்து இழுக்க ஆரம்பித்தார்.

அப்போது தெற்கே மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் ஓடிவந்தன. யாரும் விரட்டவில்லை, அவையாகவே ஓடிவந்தன. கருவேலங்காட்டுக்குள் இருந்து மயில்கள் எழும்பிக் கரைமேல் விழுந்தன. பிறகு சத்தம் கேட்டது. பஸ் ஸ்டாண்டில் எல்லா வண்டியும் நின்ற இடத்திலேயே உறுமுவது போல ஒரு சத்தம், அது நிற்காமல் பெரிதாகிக்கொண்டே வந்தது. வளைவில் தண்ணீர் திரும்பியது. நான் பார்த்திருந்த தலைத்தண்ணீர் அது இல்லை. கரைக்குக் கரை அகலத்தில், செங்கல் நிறத்தில், முன்னால் நுரையும் முள்ளும் பிளாஸ்டிக் குப்பையும் தள்ளிக்கொண்டு வந்தது. குடிக்க மணல் இல்லாத தண்ணீர் எங்கேயும் நிற்கவில்லை. தாம்பாளங்களைப் போட்டுவிட்டுப் பெண்கள் கரைக்கு ஓடினார்கள்.

மோட்டார் பாதிக் கிணற்றில் தொங்கியது. அதற்கு நேர்கீழே அவர். ஒதுங்குவதற்கு உள்ளே இடமில்லை. இருந்த ஒரே கயிற்றில் மோட்டார் இருந்தது.

முதல் தண்ணீர் என் கணுக்காலில் பட்டது, உடனே முழங்காலுக்கு ஏறியது. அதன் வேகத்தில் கால் வழுக்கியது. அண்ணன் அலறினார். "தண்ணி வந்துருச்சு, மாப்ள, தண்ணி வந்துருச்சு."

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. பதற்றம் இல்லாத குரல், அதுதான் என்னை இன்றும் தூங்கவிடாத குரல். "ஏலே, கயித்த விட்டுட்டு அவளக் கூட்டிட்டுக் கரைக்குப் போ. விட்ரு."

அண்ணனின் கை தளர்ந்ததை நான் பார்த்தேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே இருக்கிறவன் சொல்கிறான், தண்ணீர் தொடையைத் தொடுகிறது, எந்த மனுஷனுக்கும் கை தளரும். எனக்கு மட்டும் அந்த மோட்டார் விழுவது முழுசாகத் தெரிந்தது. எல்லாம் கெட்டதாகவே நடக்கும் என்று நினைத்துப் பழகிய கண்ணுக்கு, நடக்காததும் நடந்தது போலவே தெரியும். கயிறு நழுவுவதும், இரும்பு இறங்குவதும், அந்த உச்சந்தலையும் தெரிந்தது.

"விடாதீங்கண்ணே. விட்டா அவரு தலைலதான் விழும்."

நானும் கயிற்றைப் பிடித்தேன். இரண்டு பேரும் இழுத்தோம். தண்ணீர் உறையின் விளிம்பைத் தாண்டி உள்ளே கொட்ட ஆரம்பித்தது. நான் அழுதேனா கத்தினேனா என்று தெரியாது. கயிறு உள்ளங்கையை உரித்தது மட்டும் தெரியும். மோட்டார் விளிம்புக்கு வந்ததும் அண்ணன் தோளைக் கொடுத்து வெளியே சாய்த்தார். அது ஆற்றில் விழுந்தது. முடிச்சை அவிழ்க்க நேரமில்லை. எங்கள் கையில் இருந்த கயிற்றின் மறுமுனையை உள்ளே எறிந்தோம். அதற்குள் கிணறு நிறைந்துகொண்டிருந்தது. கொட்டிய தண்ணீரே அவரை மேலே தூக்கிவந்தது. செம்மண் அப்பிய இரண்டு கைகள் கயிற்றைப் பிடித்தன. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். காலர் கிழிந்து கையோடு வந்தது, பிறகு முடியைப் பிடித்தேன்.

கரைக்குப் போனது எனக்குச் சரியாக நினைவில்லை. இடுப்பளவு தண்ணீரில் மூன்று பேரும் கைகோர்த்து நடந்தோம், கரையிலிருந்து ஆட்கள் கைச்சங்கிலி போட்டு இறங்கி எங்களை வாங்கிக்கொண்டார்கள் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். கரையேறியதும் அவர் வாந்தியெடுத்தார். பிறகு திரும்பி ஆற்றைப் பார்த்து, "மோட்டாரு போச்சே" என்றார்.

அன்று முழுக்க ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோரும் மோட்டாரைத்தான் விசாரித்தார்கள். என்ன கம்பெனி, வாங்கி எவ்வளவு நாளாச்சு, தண்ணீர் வடிந்ததும் தேடினால் கிடைக்கும். கேட்டுக் கேட்டு எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ஆளு இருக்காரு, பாத்துட்டுப் போங்க" என்று ஒருவரிடம் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரரும் மோட்டார் கதையைத்தான் ரசித்துச் சொன்னார். கிணற்றுக்குள் இருந்தபோது பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அண்ணனும் சொல்லவில்லை. என் எதிரில் உட்காரும்போது மட்டும் தரையைப் பார்த்தார். வானிலை ஆபீஸ் கிண்டல் அன்றோடு நின்றுபோனது, அது நின்றதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

கரைக் கிணறுகளில் தண்ணீர் ஏறியது. தீபாவளியன்று ஊர் முழுக்க ஆற்றங்கரையில்தான் இருந்தது. அக்கரைப் பெண்கள் தரைப்பாலமும் மூழ்கிப்போய் வரமுடியாமல் அங்கேயே நின்று கையாட்டினார்கள். அவர்களுடைய ரவிக்கைகள் என் வீட்டில் மடித்தபடி கிடந்தன. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குக் கயிறு உரித்த உள்ளங்கை ஆறவில்லை. ஊசியில் நூல் கோக்க முடியாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

வேகமாக வந்தது வேகமாகவே போய்விட்டது. முன்பு ஆறு ஒருமுறை வந்தால் அடுத்த கோடை தாண்டியும் மணல் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். இந்தமுறை பங்குனிக்குள் கிணறு பழைய மட்டத்துக்கு இறங்கியது. மாரியம்மன் கோயிலில் மழை வேண்டிப் பொங்கல் வைத்தார்கள். நானும் போய் நின்றேன். மழை வரட்டும் என்று முழு மனதோடு கும்பிட என்னால் முடியவில்லை. வேண்டாம் என்று கும்பிடவும் முடியவில்லை, மல்லிகைச் செடி என் கண்ணெதிரில்தான் காய்கிறது. சும்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன்.

போன வாரம் அவர் ஒரு பழைய மோட்டார் வாங்கிவந்தார். அதே உறைக்கிணற்றைத் தூர்வாரி, அடியில் இன்னும் இரண்டு உறை இறக்கப்போகிறார். வேறு வழியில்லை, அது எனக்கும் தெரியும். வாசலில் உட்கார்ந்து புதுக் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை மாதமாக வாய்வரை வந்து நின்றதை அப்போது கேட்டுவிட்டேன்.

"அன்னைக்குக் கயித்த விடச் சொன்னீங்களே. மோட்டாரு ஒங்க தலைக்கு நேரா தொங்குனது ஒங்களுக்குத் தெரியலையா?"

அவர் நிமிரவில்லை. "தெரியும்" என்றார்.

"தெரிஞ்சேவா சொன்னீங்க?"

"நீ தண்ணிக்குள்ள நின்ன. ஒனக்கு நீச்சத் தெரியாதுல்ல."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. என்னைக் கேட்காமல் அப்படி ஒரு முடிவை எடுத்துவிட்டு, கரையேறி, மோட்டாருக்காக வருத்தப்பட்டு, இத்தனை மாதம் என் கையால் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இருந்திருக்கிறார். என்னென்னவோ திட்டவேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் அவர் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போனார். நான் மிஷினை மூடிவிட்டு, கதவைச் சாத்தி, பின்னாலேயே போனேன்.